கூட்டல் பிழை

சேர்க்கைப் பேட்டித் தாளில் பெயர் கூடாது, அப்பா அம்மா என்ன வேலை என்பது கூடாது, பிள்ளைக்கு ஓர் எண் போதும் என்று மூன்று வருடம் முன்பு அடம்பிடித்துச் சாதித்தவள் கணக்கு டீச்சர்தான். அந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் நாற்பது, கேட்டு வருகிறவர்கள் இருநூறு. சிபாரிசு நுழைய ஓட்டையே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தேர்வானவர்கள் பட்டியலை நாலு மணிக்கு வெளியே ஒட்டவேண்டும். மதியம் டைப் அடிக்கும் அக்கா அவளைக் கூப்பிட்டாள். இருபது வருடமாக அந்த நாற்காலி. பிழை கண்டால் திட்டமாட்டாள், தொண்டையைச் செருமுவாள். இப்போது செருமினாள்.

"டீச்சர், இந்த ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

பதினேழும் நாற்பத்தொன்றும். இருவருமே பெண்பிள்ளைகள், கேள்வியும் ஒன்றே: இரண்டு பேர் ஆறு நாளில் முடிக்கிற வேலையை மூன்று பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது அங்கே பழக்கம். பதினேழின் பதில்: 'நான்கு நாள். ஆனால் நடைமுறையில் மூன்றாவது நபரின் அனுபவத்தைப் பொறுத்து மாறலாம்.' ஓரத்தில் டீச்சரின் குறிப்பு, 'ஆழ்ந்த சிந்தனை'. பத்துக்கு ஒன்பது.

நாற்பத்தொன்று: 'நாலு நாள் மிஸ். மூணாவது ஆளு புதுசுன்னா அஞ்சாகும், கத்துக் குடுக்கணும்ல.' குறிப்பு, 'கேள்வியை விட்டு வெளியே போகிறாள்'. நாலு.

"எனக்கு ரெண்டும் ஒரே பதிலாத் தெரியுது. கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள் அக்கா.

டீச்சருக்குக் காது சுட்டது. அந்தப் பெண் சொன்னதும் தான் வாய்விட்டுச் சிரித்தது நினைவு வந்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அதுவும் கூடச் சிரித்துவிட்டுப் போயிற்று. இப்போது மூன்று மதிப்பெண்ணில் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

நேரே தலைமையாசிரியரிடம் போனாள். நாற்பத்தொன்றின் மொத்தத்தில் ஐந்து விட்டுப்போயிற்று, கூட்டல் பிழை என்றாள். அவர் தாளைத் திறந்தே பார்க்கவில்லை. கணக்கு டீச்சருக்கே கூட்டல் வரவில்லையென்றால் பிள்ளைகள் கதி என்ன என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இந்தக் கேலியோடு போனால் மலிவுதான் என்று அவளும் சிரித்து வைத்தாள்.

அக்கா எண்ணைத் திருத்தினாள். பிறகு மிச்சக் கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல உங்க தாள் இன்னும் அறுபது இருக்கு டீச்சர். கூட்டல் தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஒரேயடியாத் திருத்திடறேன்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. வேலை முடியவேண்டும் என்ற குரல். டீச்சர் மேலாக இருந்த தாளை எடுத்தாள். 'பேச்சில் தெளிவில்லை' என்றிருந்தது. அடுத்ததில் 'பக்குவம் போதாது'. படித்ததும் பிள்ளை சொன்ன பதில் நினைவுக்கு வரவில்லை. அது போட்டிருந்த செருப்புதான் வந்தது.

மறுபடி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை என்ன, கழித்தலா என்று கேட்டார் அவர்.

"கூட்டல் சரியாத்தான் சார் இருந்துச்சு. நான் போட்ட மார்க்குதான் சரியில்ல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அறுபது தாளையும் மற்ற இரண்டு ஆசிரியர்கள் பார்ப்பார்கள், நாற்பத்தொன்றையும் அவர்களே பார்க்கட்டும், நீங்கள் தொடவேண்டாம் என்றார். பட்டியல் இரண்டு நாள் தள்ளிப்போகிறது என்று வெளியே காத்திருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியது மட்டும் அவள் பொறுப்பு.

அறிவிப்பை எழுதி எடுத்துப்போய்ப் படித்தாள். ஏன் என்று நாலு பேர் கேட்டார்கள். தன் தாள்களில் தவறு இருக்கிறது என்றாள். முணுமுணுப்புக்கு நடுவே ஒரு பெண் தன் அம்மாவின் கையை இழுத்தது.

"அம்மா, நான் சொன்னேன்ல, என் பதிலுக்கு அப்படிச் சிரிச்சாங்கன்னு. இந்த மிஸ்தான்."

அம்மா முகமெல்லாம் மலர டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கையிலிருந்த அறிவிப்பை, ஏற்கெனவே படித்து முடித்ததை, மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.