சிவப்புக் கோடி

ஏழாவது துணிப் பெட்டியை இறக்கி வைத்தபோது சதீஸின் சட்டைப் பையில், அவன் எடுத்து வந்திருந்த அக்காவின் போன் அடித்தது. அக்கா புருஷன் செல்லையாதான்.

"எங்கடா இருக்க? மூணு மணிக்கெல்லாம் எடுத்துறணும்ங்கிறாங்க. மழ வேற இருட்டிக்கிட்டு வருது."

"கோடி எடுத்துட்டேன் மச்சான். இந்தா வந்துர்றேன்."

பொய். கோடி இன்னும் கண்ணிலேயே படவில்லை. பெல்மதுளையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், தூசிக்கு நடுவே, அக்கா தனுஜாவுக்கான கடைசிச் சேலையைத் தேடிக்கொண்டிருந்தான்.

சுமங்கலியாய்ப் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சிவப்புக் கோடி வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் சவப்பெட்டியை மூட வேண்டும். தனுஜாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு. அங்கேயே ஒரு சிவப்புச் சேலையை எடுத்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். சதீஸ் கேட்கவில்லை. பதினொரு வருடம் அக்கா துணி மடித்த கடை இருக்கும்போது அவளுக்கு வேறு எங்கிருந்தோ சேலையா என்று ஒற்றைக் காலில் நின்றான். போக ஒரு மணி நேரம், எடுக்க ஐந்து நிமிடம், வர ஒரு மணி நேரம். கடையில் ஆள் இருப்பார்கள் என்று நம்பிக் கிளம்பியவன் அவன்.

ஆள் இல்லை. ஐந்து பேர் நின்ற கடை அது. ஒருத்தி குவைத்துக்குப் போனாள். இரண்டு பேர் தையல் தொழிற்சாலைக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. 'வேலைக்கு ஆட்கள் தேவை' என்ற மட்டை கண்ணாடிக் கதவில் இரண்டு வருடமாக வெளுத்துத் தொங்குகிறது. முதலாளிக்கு என்ன அவசரம், தனுஜா இருந்தாளே. கடைசியில் அவளும், சின்னப் பெண் ஷாமிளாவும்தான். இன்றைக்கு ஷாமிளா மட்டும்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். தாய்மாரும் பிள்ளைகளுமாகக் கடை நிறைந்து கிடந்தது. சதீஸைக் கண்டதும் ஷாமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கையிலிருந்த கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"அண்ணே, ஸ்கூல் சாமானுக்கு எடம் பத்தலன்னு சேலையெல்லாம் அக்காதான் மேல ஏத்துனாங்க. எந்தப் பெட்டின்னு அவங்களுக்குத்தான் தெரியும். இத விட்டுட்டு நா வர ஏலாதுண்ணே. நீங்களே போய்ப் பாருங்க."

மேசையிலிருந்த முதலாளி தலையை நிமிர்த்தினார். "ஒங்க அக்கா மாதிரி ஒரு ஆள் இனிக் கெடைக்காது தம்பி. கடைய மூடிட்டு வந்திருக்கணும். சீசன், என்ன செய்யிறது" என்றார். அடுத்த பில்லுக்குக் கை நீட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சதீஸுக்கு ஆத்திரமாக இருந்தது.

மேலே போகப் பத்தொன்பது படிகள். ஏழாவது படி ஆடியது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்குகிறேன் என்று அக்கா சொன்னபோது அவன் சிரித்திருக்கிறான். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கி லொறியில் ஏற்றுகிறவனுக்கே இப்போது மூச்சு வாங்கியது.

பெட்டிகளில் அக்காவின் கையெழுத்து, தமிழிலும் கீழே சிங்களத்திலும். சேலைப் பெட்டிகளில் மட்டும் ஒன்றும் இல்லை. எழுத நேரம் கிடைத்திருக்காது. அவற்றுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியின் மேல் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. சுவரில் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை. உட்கார நாற்காலி இல்லாத கடையில் அவள் தனக்கு உண்டாக்கிக்கொண்ட இடம். பக்கத்தில், பொலித்தீன் பைக்குள் அவளுடைய இருதயக் கிளினிக் கொப்பி. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகத் திகதி போட்டிருந்தார்கள். கடைசி நான்கு திகதிகளுக்கு நேரே டாக்டரின் எழுத்து இல்லை.

"வேலைய விட்டுரு அக்கா" என்று தீபாவளிக்கு அவன் சொன்னான்.

"நா விட்டா அந்தப் புள்ள தனியா கெடந்து சாகும்டா" என்று சிரித்தாள்.

முந்தாநாள் பின்னேரம் றக்வான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் எழும்பவில்லை. தினமும் அவள் தூங்குவாள். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்ததும் கண்டக்டர் கம்பியைத் தட்டி, "அக்கா, பஹின்ன" என்று இறக்கிவிடுவான். அன்றைக்குத் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், திரும்பி வரும்போது இறக்கிவிடலாம் என்று விட்டுவிட்டானாம். நேற்று லயத்து வாசலில் வந்து நின்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். அவனை யாரும் திட்டவில்லை.

பத்தாவது பெட்டியில் சிவப்புச் சேலை இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கிய சதீஸைப் பிள்ளையோடு நின்ற ஒரு சிங்களப் பெண் மறித்தாள்.

"மல்லி, சுது கமிச தியெனவாத?" வெள்ளைச் சட்டை இருக்கிறதா என்று கேட்டாள்.

வெள்ளைச் சட்டைப் பெட்டியை இப்போதுதான் அவன் கையாலேயே நகர்த்தி வைத்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஷாமிளா ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாண்ட முடியவில்லை. சனம் குறைந்தால்தான் தன் சேலைக்கும் பில் விழும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறினான். பிறகு ஒருத்தருக்குக் காற்சட்டை, இன்னொருத்தருக்குக் காலுக்கு மேசு. ஷாமிளா அவனுடைய சேலையைக் கையில் எடுத்தபோது இரண்டு மணி பஸ் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மன்னிச்சிக்கங்கண்ணே" என்றபடி மடித்தாள். ஓரத்தை இரண்டு விரலால் உள்ளே செருகினாள். அக்கா வீட்டில் கிழிந்த படுக்கை விரிப்பைக்கூட அப்படித்தான் மடிப்பாள்.

ஆட்டோ பிடித்தான். காவத்தை தாண்டியதும் மழை கொட்டியது. முடக்கில் இறங்கி ஓடினான். லயத்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். தேயிலைக்கு மேலே, மலைப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பாதை சேறாவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று முன்னாலேயே எடுத்துவிட்டார்கள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பெட்டி குழிக்குள் இருந்தது. செல்லையாவின் தங்கை தன் சேலை ஒன்றைப் போர்த்தி அனுப்பியிருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழத் துணிகூட அக்கா மேல் படவில்லை.

செல்லையா அவன் கையைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"பெட்டிக்கு மேல போட்டுரு" என்றான்.

சதீஸ் சேலையை விரித்துப் போட்டான். மழைத் தண்ணீர் பட்டுச் சிவப்பு கறுத்தது. தப்பு நின்றது. அப்போது அவன் பையில் அக்காவின் போன் அடித்தது. எல்லாரும் திரும்பினார்கள். 'கடை ஷாமிளா' என்று திரையில் இருந்தது.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "கேக்குறதுக்கு வேற ஆள் இல்ல. அந்த வெள்ளச் சட்டப் பெட்டிய எங்க வச்சீங்க?"

அவன் சற்றுத் தள்ளிப் போய், மழைக்குக் கையால் போனை மறைத்துக்கொண்டான்.

"ஏறுனதும் எடது பக்கம். நீலப் பெட்டிக்குப் பின்னால."

"சரிண்ணே."

"ஏழாவது படி ஆடுது. பாத்து ஏறு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். ஈர மண் விரலை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.