பழைய ஃப்ரிட்ஜ்

ஏணியில் நின்றபடி மெக்கானிக் மெயின் போர்டில் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஹால் விளக்கு அணைந்துவிட்டது. பகல்தான். ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போனதிலிருந்து ஜன்னல்களெல்லாம் அடைத்தே கிடந்ததால், கை எது, கம்பி எது என்று தெரியவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். விளக்கு மறுபடி எரிந்தது.

"அசையாம நின்னா இந்த லைட்டு ஆளே இல்லன்னு முடிவு பண்ணிடும் தம்பி. அப்பப்ப கையக் கால ஆட்டிக்கிட்டே இருக்கணும். இந்த வயசுல எனக்கு டான்ஸ் வேற."

"நான் வேணா பாட்டுப் பாடட்டுமாக்கா?" என்றான் மெக்கானிக். அவள் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே அலமாரி மேலிருந்த, பேசுவதையெல்லாம் கேட்கிற உருண்டை ஸ்பீக்கரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் புதிதாக ஒரு ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்ட் ஓட ஓட அது வேகமாகக் கண்சிமிட்டும். அந்தப் புள்ளியின் மேல் பொத்தான் அளவு சென்சாரை ஒட்டி வீட்டின் இணையத்தோடு சேர்த்துவிட்டால், வீட்டுக்காரர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தன் வீடு குடிக்கிற கரண்டைப் போனில் ஒரு கோடாகப் பார்க்கலாம். பார்த்தால் மட்டும் போதாது, அங்கிருந்தே அணைக்கவும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்காக ஒவ்வொரு லைனுக்கும் ஒரு குட்டிப் பெட்டி மாட்டி, ஹால், சமையலறை, மாடி ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து முடித்தாயிற்று. பின்பக்க லைன் மட்டும்தான் பாக்கி.

சோதிப்பதற்காக எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு மெக்கானிக் வாசலுக்குப் போனான். புள்ளி சிமிட்டிக்கொண்டேயிருந்தது. இணையப் பெட்டிக்கு ஆகிற துளி கரண்டைக் கழித்தாலும் இது அதிகம். போனில் பார்த்தான். கோடு ஏறி இறங்கியது. கொஞ்சம் நின்று, மறுபடி ஏறி இறங்கியது. மோட்டாருக்கு இப்படி வராது. ஏசிக்கும் வராது. தூங்குகிறவனின் மார்பைப் பார்ப்பதுபோல இருந்தது.

உள்ளே வந்து டார்ச்சை அடித்தபடி அறை அறையாகப் போனான். சோபாக்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சமையலறையின் பின்சுவரில் காதை வைத்தான். புஸ்... டக். புஸ்... டக். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பின்னாடி என்ன இருக்கு?"

"கார் ஷெட்டு. அத ஒட்டி என் ரூம். என் துணிமணிதான் கெடக்கு தம்பி, பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல." அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். கதவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு விலகி வழிவிட்டாள்.

கட்டிலில் ஒரு மனிதர், எலும்பும் தோலுமாக, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். அது காலடியில் இருந்த சக்கரம் வைத்த பெட்டிக்குப் போனது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின். எங்கேயோ பழையதாக வாங்கியிருந்தாள். அதில் சத்தம் வரும் ஓட்டையில் பஞ்சை அடைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"கரண்ட் நின்னா பீப் பீப்னு கத்தும். ஹால்ல உருண்டையா ஒண்ணு உக்காந்திருக்கே, அதுக்குக் கேட்டுடுச்சுன்னா?" என்று கிசுகிசுத்தாள். "நீ மட்டும் தங்கறதுன்னா தங்குன்னு சொல்லித்தான் ரூம் குடுத்தாங்க. இவரு இருக்காருன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க. வேற எடத்துக்குப் போலாம்னா அங்கெல்லாம் கரண்ட் போகும். இங்கதான் பேட்டரி இருக்கு. மெஷின் கொஞ்ச நேரம் நின்னாலும் இவரு தாங்க மாட்டாரு தம்பி."

கட்டிலில் இருந்தவர் கையை அசைத்தார். "ஹால் தரை... எப்படி... இருக்கு?"

மெக்கானிக்குக் கேள்வி புரியவில்லை. அவள் சொன்னாள்: "இந்த வீட்டுத் தரை மொத்தமும் இவரு பாலிஷ் போட்டதுதான். மெஷின் வச்சு இழைக்கறப்போ பறக்குமே, அந்தத் தூசிதான் நெஞ்சுல ஏறிடுச்சாம்."

"கண்ணாடி மாதிரி இருக்குண்ணே. முகமே தெரியுது."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் போன் அடித்தது. வீட்டுக்காரர். "என்னங்க, எல்லாத்தையும் அணைச்சாச்சுன்னு சொன்னீங்க. இங்க பாத்தா ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. ஆளில்லாத வீட்டுல பேய் கீய் குடியேறிடுச்சா?" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை.

அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"பின்பக்கம் பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு சார்," என்றான் மெக்கானிக்.

"ஃப்ரிட்ஜா? எனக்கு ஞாபகமே இல்லையே. சரி, பேர் போட்டு விட்டுடுங்க."

பின்பக்க லைனுக்கு 'பழைய ஃப்ரிட்ஜ்' என்று பெயர் போட்டான். "கவலப்படாதீங்கக்கா. யாரும் எதை வேணா அணைப்பாங்க, ஃப்ரிட்ஜ்ல மட்டும் கை வைக்க மாட்டாங்க," என்றான். அவன் வீட்டில் அப்படித்தான். ஊருக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் ஓடும். ஒருமுறை தெரியாமல் அணைத்துவிட்டு மனைவியிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

மாட்டிய சாமானுக்குக் கம்பெனி பொறுப்பு என்பதால் சில வாரங்களுக்கு அந்தக் கோட்டை அவனும் தன் போனில் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான். எதையும் போடவோ அணைக்கவோ அவனுக்கு அனுமதி கிடையாது. டீ குடிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வான். கோடு ஏறும், இறங்கும். அண்ணன் இருக்கிறார் என்று ஒரு நிம்மதி. சில சமயம் தன் மூச்சும் அந்தக் கோட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கவனித்துப் பயந்து போனை உள்ளே வைத்துவிடுவான்.

"அப்படி யாரத்தான் பாக்கறீங்க சதா நேரமும்?" என்றாள் மனைவி.

"ஒரு ஃப்ரிட்ஜ்."

"நல்லா வந்து வாச்சீங்க எனக்கு," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் வேறொரு வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தான். டிரில்லை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தபோது வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. 'ஆளில்லாத வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? அணைத்துவிட்டேன். கோடு எவ்வளவு இறங்கிவிட்டது பாருங்கள்! அருமையான வேலை. நன்றி.' பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய படம்.

கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. வேலைக்கார அம்மாளுக்குப் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டிரில்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். வழியெல்லாம், அக்கா பாத்திருப்பாங்க, எப்படியாவது பாத்திருப்பாங்க என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான்.

வாசலில் மீட்டரின் சிவப்புப் புள்ளி எப்போதாவது ஒருமுறை சோம்பலாகச் சிமிட்டியது. கதவு திறந்திருந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது. அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி! பாத்து வாங்க, ஈரம். மாடியெல்லாம் தொடச்சிட்டு இப்பதான் கீழ எறங்கினேன்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

"போன் அடிச்சேனே..."

"ரூம்ல கெடக்கும். எதுக்கு அடிச்சீங்க?"

அவன் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பி நின்றான். அதைப் பார்த்து அவளும் காதைத் திருப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

துடைப்பான் தரையில் விழுந்தது. அவள் ஓடினாள். கண்ணாடி மாதிரிப் பளபளத்த தரையில் அவளுடைய ஈரக் காலடிகள் பின்பக்கம் வரை போயின.

"என்னங்க..." என்று அங்கிருந்து குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, எழுப்புவதுபோல, "என்னங்க... இங்க பாருங்க..."

மெக்கானிக்குக் காலை எடுத்து வைக்க முடியவில்லை. காலடியில் தரையில் அவன் முகமே தெரிந்தது. அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று ஹால் விளக்கு தானாக அணைந்துகொண்டது.