மூன்று முறை ஊதினேன்

எனக்கு வந்தது வெயில் ஜுரமா, கப்பல் ஜுரமா? இதை நான் கேட்காத ஆள் இல்லை. பெண்சாதி ரஹீமுன்னிசாவைக் கேட்டேன். ஆர்பரில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டானிஸ்லாஸைக் கேட்டேன். கடைசியில் டிஸ்பென்சரி டாக்டரையும் கேட்டேன். "ஆறிப்போன ஜுரத்துக்கு இன்னாத்துக்கு மாமு பேரு வைக்கிறே?" என்று ஸ்டானிஸ்லாஸ் சிரித்தான். அவனுக்கென்ன, அவன் யார் முகத்திலும் ஊதவில்லை.

நான் ஊதினேன். ராயபுரத்தில் எங்கள் பள்ளிவாசல் வாசலில் அந்தி மக்ரிப் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து வரிசையாக நிற்பார்கள். எங்கள் ஜனங்களைவிட மற்ற ஜனங்கள்தான் அதிகம். பால் குடிக்காத குழந்தை, தூக்கத்தில் வீறிடுகிற குழந்தை, எதையோ பார்த்து மிரண்ட குழந்தை. தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, முகத்தில் மூன்று முறை ஊதிவிட்டுப் போவார்கள். அதற்கு மார்க்கம் படித்த ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. நான் ஆர்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் பாதி வசவுதான். ஆனாலும் கெங்கம்மாவுக்கு என் ஊதல்தான் வேண்டும்.

கெங்கம்மா பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் இருக்கிறாள். கூடையில் மீன் எடுத்துப் புளியந்தோப்புவரை நடந்து விற்பவள். போன வருஷம் அவளுடைய மூத்த பெண்ணுக்கு நாலு நாளாய் இறங்காத காய்ச்சல், நான் ஊதிய மறுநாள் காலையில் இறங்கிவிட்டது. அது தானாக இறங்கியதோ என்னவோ. "மத்தவங்க ஊதுனா காத்து, அமீருதீன் பாய் ஊதுனா மருந்து" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இந்த மே மாதம் ஒரு கப்பலில் வேலை. பினாங்கு, சிங்கப்பூர் தொட்டு வந்த கப்பல். அதன் சமையற்காரன் ஓயாமல் தும்மிக்கொண்டே எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். மூன்றாம் நாள் எனக்கு ஜுரம். எலும்பையெல்லாம் உலக்கையால் இடித்ததுபோல் வலி. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. கத்திரி வெயிலில் இரும்பு மேடையில் நின்று வின்ச் ஓட்டினால் வேறென்ன வரும் என்று ரஹீமுன்னிசா மோரும் நீராகாரமுமாகக் கொடுத்தாள். நாலாம் நாள் எழுந்துவிட்டேன். இருமல் மட்டும் விடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மக்ரிப் முடிந்து வெளியே வந்தால் கெங்கம்மா நிற்கிறாள், இடுப்பில் சின்னது. சொக்கம்மாள், ஒன்றரை வயசு.

"நாய் தொரத்திடுச்சு பாய். பயந்துகினு கீது. ராவெல்லாம் துள்ளித் துள்ளி எய்ந்துக்குது. நல்லா ஊதிவுடு."

குழந்தைக்கு அப்போது சூடு கிடையாது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அல்ஹம்து சூரா ஓதி ஒருமுறை ஊதினேன், இரண்டுமுறை ஊதினேன். மூன்றாவதற்கு மூச்சை இழுக்கும்போது இருமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பினேன். திருப்புவதற்குள் பாதி இருமல் குழந்தையின் முகத்தில். வெட்கமாகப் போய்விட்டது. கெங்கம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "அதுக்கின்னா பாய், உன் எச்சி பட்டா நல்லதுதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் பல பேருக்குப் புதுவித ஃப்ளூ ஜுரமாம். இருமலிலும் மூச்சிலும் தொற்றுமாம். கப்பலின் பேரைக் கேட்டேன். என் கப்பல் இல்லை. நான் படுத்து எழுந்த பிறகு வந்த கப்பல் அது. அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே அந்த நிம்மதி போய்விட்டது. இந்தக் கப்பலில் ஏறியவர்களுக்கு ஜுரம் என்றால், சிங்கப்பூரில் அது முன்பே இருந்திருக்கிறது. என் கப்பலும் அங்கிருந்துதானே வந்தது? அந்தச் சமையற்காரன் தும்மியது எந்தக் கணக்கு?

அன்றைக்குப் பள்ளிவாசல் வாசலில் கெங்கம்மா இல்லை. பயந்த குழந்தைக்கு மூன்று நாளாவது ஊதவேண்டும், அவள் விடுகிறவள் அல்ல. ஞாயிறும் திங்களும்கூட வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சந்துக்குள் போய்ப் பார்க்கலாம், இருபது எட்டுதான். கால் போகவில்லை. என்ன காத்திருக்கிறதோ என்ற பயம்.

"இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்றீங்க?" என்றாள் ரஹீமுன்னிசா. "உங்களுக்கு வந்தது சூடு. தொத்துற ஜுரமா இருந்தா பக்கத்துலயே கெடந்த எனக்கு வந்திருக்கணுமா இல்லியா?"

நியாயமான பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி தூங்கிவிட்டேன். காலையில் ஸ்டானிஸ்லாஸ் வேலைக்கு வரவில்லை. முந்தின நாள்தான் ஜுரத்துக்குப் பேர் வைக்கிறாயா என்று சிரித்தவன். அவன் வீட்டில் அவனும் இரண்டு பிள்ளைகளும் படுத்த படுக்கை என்று ஆள் வந்து சொன்னான். அவனும் அந்தச் சமையற்காரன் கையால்தான் டீ குடித்தான்.

வேலையை விட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் என் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார்.

"இப்ப உனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப வந்தது இன்னா ஜுரம் டாக்டர்?"

"அத இப்ப சொல்ல முடியாதுப்பா. அன்னிக்கே நீ வந்திருந்தாலும் வெயில்னுதான் சொல்லியிருப்பேன். இப்டி ஒண்ணு ஊருக்குள்ள வந்திருக்குன்னு அப்ப எங்களுக்கே தெரியாது." கையைக் கழுவிக்கொண்டே, "பெரியவங்க எழுந்துடுவாங்க. சின்னக் குழந்தைங்களுக்குத்தான் நெஞ்சுல இறங்கும். மூச்சு வாங்க ஆரம்பிச்சா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி இருக்கு" என்றார்.

அதற்கு மேல் பயப்படக்கூட எனக்கு நேரமில்லை. நேரே சந்துக்குள் போனேன்.

கெங்கம்மா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, உதடு வெடித்து. மடியில் குழந்தை. அதன் மூக்கு விரிந்து விரிந்து மூடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. அழக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

"வந்துட்டியா பாய்!" அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "நானே எய்ந்து வர முடியல. எனக்கும் காய்ச்சல். அவுரு வியாசர்பாடி ரயில் ஷெட்டுல கரி அள்ளப் பூட்டாரு, பெரிசு எங்கம்மா வூட்டுல கீது, உன்னிய இட்டாரவும் ஆளு இல்ல. நாலு நாளா உன்னியே நெனச்சிகினு கீறேன். ஊது பாய்."

"இது ஊதுற காய்ச்சல் இல்ல கெங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போலாம், எய்ந்திரு."

"பயந்த சொரத்துக்கு ஆஸ்பத்திரியில இன்னா செய்வான்? ஊசி போட்டா பயம் போவுமா?" அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வைசூரி வந்தப்ப எங்க வூட்டுக்காரரு தம்பிய கார்ப்பரேஷன் வண்டியில ஏத்திகினு போனாங்க. துணிகூட திரும்பி வரல. நான் குடுக்க மாட்டேன். நீ ஊதுனா எறங்கிடும். பெரிசுக்கு எறங்கல?"

கெஞ்சினேன், திட்டினேன். அவள் குழந்தையின் முகத்தை என் பக்கம் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். என் மூச்சில் நம்பிக்கை இருக்கிறவரை அவள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை. குழி விழுவது வேகமாகிக்கொண்டே இருந்தது.

"கெங்கம்மா, கேளு. இது நாய்ப் பயம் இல்ல. என் ஜுரம். கப்பல்லருந்து எனக்கு வந்துது. அன்னிக்கு ஊதுனேன் பாரு, அப்ப நான்தான் குழந்தைக்கு ஏத்திட்டேன். குழந்தைகிட்டருந்து உனக்கு."

அவளுக்குப் புரியவில்லை. "வெளையாடாத பாய்."

"எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"அல்லா மேல சொல்லு."

எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஆண்டவன் பேரில் சத்தியம் செய்தால் அது எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"அல்லா மேல சத்தியமா."

கெங்கம்மா என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். என்னிடமிருந்து மூடினாள். சுவரைப் பிடித்து எழுந்து, "தள்ளு" என்றாள். நான்தான் ஏற்றினேன் என்பது அதுவரை எனக்குச் சந்தேகமாக இருந்தது. சொன்ன பிறகு முழுசாக என் தலையில் ஏறிவிட்டது.

ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார விடவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் குழந்தையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே கொடுத்தார். "நாளைக்குக் கொண்டாந்திருந்தா நாங்க கையைத்தான் விரிச்சிருப்போம்" என்றார். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு, "மொதல்ல யாருக்கு வந்துது?" என்று கேட்டார்.

கெங்கம்மா கதவோரம் நின்ற என்னைக் கையால் காட்டினாள்.

"உனக்கு வந்தது இதே ஜுரம்தானா?"

எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! தெரியாது சார், வெயிலாகவும் இருக்கலாம் என்று சொல்ல வாய் துடித்தது. அதுதான் உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால் அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்துவிடுவாள்.

"ஆமா சார், இதேதான்."

அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். கெங்கம்மா என் பக்கம் திரும்பவில்லை. நான் நடைபாதைக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஊசி போட்டிருப்பார்கள் போல, குழந்தை வீறிட்டு அழுதது. நல்ல பலமான அழுகை. அது நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.