தோண்டாமல் விட்ட மூன்று திட்டுகள்

காலாப்பட்டு கலியபெருமாளின் கொல்லையில் அன்று மூன்று இடத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது. போட்டவன் அவனேதான். சர்க்கார் ஆட்கள் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். எட்டடி வரைக்கும் அசல் செம்மண் சரளை. கலியபெருமாள் முகத்தில் கல்யாணக் களை.

மண் சுமக்க வந்த கூலிப் பெண்களில் அன்னக்கிளியும் ஒருத்தி. கூடை சுமப்பவள் முகத்தை அந்த ஆள் என்றைக்குப் பார்த்தான், இன்றைக்குப் பார்க்க?

அதிகாரி தெய்வசிகாமணி நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. "ரோட்டுக்குச் சரளைய வெலைக்கு வாங்குனா வருஷத்துக்கு அறுபதாயிரம், பட்ஜெட்டு தாங்காது. இவரு மண்ணெடுக்குற உரிமைய நமக்குத் தராரு. பதிலுக்கு முதலியார்பேட்டைல நாலு காணி சர்க்கார் நெலம். இருவது வருஷத்துக்கு கஜானாவுலேந்து பைசா போவாது!"

அன்னக்கிளி இந்தக் கொல்லையில் முன்பே மண் சுமந்தவள். ஏழு வருஷத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரன் காலத்தில், இதே கொல்லையைப் பள்ளமாக்கிச் சரளையை விற்றுத் தின்றவன் இவன். இவனிடம் கூலிக்குத் தோண்டிக்கொண்டிருந்தபோது கரை சரிந்து அவள் புருஷன் கண்ணையன் மண்ணுக்குள் போனான். கூலி பாக்கி தருவதாகச் சொல்லி, பிரெஞ்சில் எழுதிய ஒரு தாளில் அவளிடம் கைநாட்டு வாங்கினான் பாவி. கண்ணையன் மண் திருட வந்து செத்தான் என்று அதில் இருந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரே அவளைத் திருடன் பெண்டாட்டி என்றது. இவனோ பள்ளத்தைக் கடற்கரை மணலால் தூர்த்து, மேலே இரண்டு சாண் செம்மண் பரப்பி, மல்லாட்டைப் பயிர் போட்டான்.

தூர்க்க வேண்டியிராத இடம் மூன்றே மூன்று. ஆழத்தை அளந்து கூலி போடுவதற்காகப் பள்ளத்தின் நடுவே தோண்டாமல் விட்டுவைக்கும் மண் திட்டுகள். சுண்ணாம்பு வட்டம் மூன்றும் அவற்றின் தலையில்தான் இருந்தன.

முதல் குழியிலேயே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'இந்த நிலத்தில் இதுவரை சரளை எடுத்ததில்லை, பொய்யானால் தண்டனைக்குச் சம்மதம்' என்ற தாளில் கலியபெருமாள் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு, அதிகாரி அதைப் பைக்குள் வைக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டு சுமந்தாள்.

பிறகு கூடையை இறக்கினாள். "ஐயா, வட்டத்துலேந்து பத்தடி தள்ளி ஒரு குழி போட்டுப் பாருங்க."

"ஏய், யாருடி நீ?" என்று பாய்ந்தான் கலியபெருமாள்.

"கண்ணையன் பொண்டாட்டி."

அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதிகாரி கைகாட்ட, கடப்பாரை இறங்கியது. இரண்டு சாணுக்குக் கீழே வெள்ளை மணல். நாலடி, ஆறடி, எட்டடி, கிளிஞ்சலோடு மணல்தான்.

தெய்வசிகாமணி குழிக்குள் எட்டிப் பார்த்தார். "நெலமும் போயி, சரளைக்கும் வருஷா வருஷம் அழுதிருப்பமே! பட்ஜெட்டுல ரெண்டு ஓட்ட விழுந்திருக்கும்!" பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் காயிதம் நேரா கோர்ட்டுக்குப் போவுது."

ஜீப் பக்கம் அவர் நகர்ந்ததும் கலியபெருமாள் அவளிடம் ஓடி வந்தான். "அன்னக்கிளி, எனக்குத் தெரியாம எவனோ எடுத்துட்டான்னு சொல்லிடும்மா. என்னா வேணும், கேளு, தரேன்."

"அன்னிக்கு என் கட்டவெரலப் புடிச்சி நீ அழுத்துன. இன்னிக்கு உன் கையெழுத்த நீயே போட்டுட்ட. எனக்கு அது போதும்."

கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த கூழைக் குடித்தாள். ஏழு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.