குளிர் அறையில் பதில் சொன்னவர்கள்

மீனைப் பொட்டலம் கட்டும் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் அறையின் கதவைச் சாத்துகிறவர் யாரானாலும் முதலில் உள்ளே பார்த்து, "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் "இருக்கேன்" என்று கத்த வேண்டும். பதில் வராவிட்டால் தாழ் விழும். எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே முகமூடி. மூச்சுகூடப் புகையாக எழுந்து முகத்தை மறைக்கும் இடத்தில் குரலைத் தவிர வேறு அடையாளம் ஏது?

நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணை அன்று மேனேஜர் உள்ளே அழைத்தான். பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டுமாம். இதுவரை கை தவறிப் பட்ட மாதிரி தொட்டவன், இன்று பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் இடுப்பை வளைத்துப் பிடித்துவிட்டான்.

"சத்தம் போட்ட, நாளையில இருந்து அண்ணன் வீட்டுல தெண்டச்சோறுதான்," என்று காதருகே சொன்னான்.

வெளியே எடை போடுகிற அக்காவின் குரல் கேட்டது.

"உள்ள யாரு?"

அவன் உள்ளங்கை நெட்டச்சியின் வாயை அழுத்தியது. கதவு நகரும் ஓசை கேட்டது. அப்போதுதான், ஆளே இல்லாத கடைசி அடுக்குக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நாங்க இருக்கோம்."

அது ஒரு தொண்டையின் சத்தம் அல்ல. பல பெண்கள், அவசரமே இல்லாமல், சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது. அவன் பிடி தளர்ந்தது. நெட்டச்சி விழுந்தடித்து ஓடினாள். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது.

மறுநாள் இலவச சட்ட உதவி அலுவலகத்துக்கு அக்காதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வக்கீலம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, பேய் சாட்சி சொன்னா செல்லுமா?" என்றாள் அக்கா.

"சம்மன் அனுப்ப விலாசம் வேணுமே!" என்ற வக்கீலம்மா, நெட்டச்சியின் பக்கம் திரும்பினார். "கம்பெனியிலயே விசாரணைக் குழு இருக்கும். அங்க எழுதிக் குடு. அவங்க மழுப்பினா தொழிலாளர் அதிகாரிகிட்ட போகலாம். கை வெச்சது குற்றம்மா, போலீசுக்கும் போகலாம். ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் அடைபட்டுப் போகாது."

"அண்ணன் வேலையை விட்டுடுன்னு சொல்றாரு."

"அதை மட்டும் செய்யாத. புகார் குடுத்ததுக்காக உன்னைத் துரத்தினா, அதுவே அவங்க மேல தனிப் புகார்."

"நான் ஒருத்தி சொன்னா யாரு நம்புவா?"

"உனக்கு நடந்ததை நீ சொல்றதே சாட்சிதான். அக்கா, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. அந்தக் குரல் விஷயத்தை யாராவது கேட்டா ஒழிய நீங்களா எடுக்காதீங்க."

விசாரணை கம்பெனியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. குழுத் தலைவி கணக்குப் பிரிவு அம்மா. மேனேஜர் சட்டை கசங்காமல் வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் குளிர் அறைப் பக்கமே போகல மேடம். லேட்டா வந்ததுக்கு இவளைத் திட்டினேன், அந்தக் காட்டத்துல சொல்றா."

அக்கா எழுந்தாள். "இவ தொப்பி இல்லாம அழுதுக்கிட்டே ஓடி வந்தா. பின்னாலயே இவரும் வந்தாரு."

"கதவைச் சாத்தும்போது குரல் குடுத்தீங்களா?" என்று தலைவி கேட்டார்.

"குடுத்தேன்."

"பதில் வந்துச்சா?"

பொய் சொல்ல அக்காவுக்கு வரவில்லை. "வந்துச்சு மேடம். யார் குரல்னு தெரியல."

மேனேஜரின் நெற்றி வேர்த்திருந்தது. அவன் விசாரணைக்காரர்களைப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் இருந்த காலிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலையா?" என்று கத்தினான். "என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசினாளுங்க! இவளைப் பிடிச்சிருந்த கையே மரத்துப் போச்சு, தெரியலையாம்!"

தலைவி பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கமே போகலன்னீங்களே?"

அவன் மறுபடியும் அந்தக் காலிச் சுவரையே பார்த்தான்.

அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எல்லோரும் எழுந்தபோது தலைவி நெட்டச்சியைத் தனியே அழைத்தார்.

"கம்பெனி விசாரணை அது பாட்டுக்கு நடக்கும். போலீஸ்ல குடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம்."

மின்விசிறி ஓடாத அந்த அறையில் நெட்டச்சியின் பிடரி சில்லிட்டது. மிக அருகில் யாரோ வரிசையாக நிற்பது போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுக்கறேன் மேடம். மேனேஜர் வந்த இந்த மூணு வருஷத்துல சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுப் போன பொண்ணுங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க," என்றாள்.