வெளிர்மஞ்சள் பாவாடை

சுல்மா அன்று வெளிர்மஞ்சள் பாவாடையைத்தான் உடுத்துவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். ஈரம் பட்டால் காட்டிக் கொடுத்துவிடும் துணி அது. மாதவிடாய் நின்றதிலிருந்து அவள் கறுப்பைத் தவிர வேறெதையும் இடுப்புக்குக் கீழே உடுத்தியதில்லை. தும்மினால் மூத்திரம் சொட்டும், இருமினால் சொட்டும், சிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிரிப்புதான் பெரிய வம்பு. ஏனென்றால் அவள் புருஷன் வால்ட்டர், உருகுவேயின் மொண்டேவிடியோ நகரத்தில் அவர்கள் பேட்டையின் முர்காவுக்குப் பாட்டு எழுதுகிறவன். கார்னிவல் வந்தால் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடையேறி, மந்திரியிலிருந்து மூலைக்கடை இறைச்சிக்காரன் வரை ஒருத்தரையும் விடாமல் கிண்டலடித்துப் பாடும் கூட்டம் அது. அவன் எழுத்துக்கு ஊரிலேயே அதிகமாகச் சிரிக்கிறவள் அவன் பெண்டாட்டி. அவளைச் சிரிக்க வைத்துத்தான் கல்யாணமே செய்துகொண்டான்.

போன கார்னிவலுக்கு முந்தின கார்னிவலில் அப்படிச் சிரித்தபோதுதான் நாற்காலி முழுக்க நனைந்துவிட்டது. சுற்றிலும் தெரிந்த முகங்கள். அவளுக்குத் தோன்றியது ஒரே வழி. மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்க அந்த ஊரில் எல்லோரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைகிற வெந்நீர் பிளாஸ்க் அவளிடமும் இருந்தது. மூடியைத் திறந்து தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டாள். தொடை வெந்து போனது. பிளாஸ்க் சரிந்துவிட்டது என்று சொன்னாள். வால்ட்டர் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதி மருந்து தடவினான். அடுத்த கார்னிவலுக்குத் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவன் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தும் உண்மையைச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பேட்டை மருத்துவமனையில் பெண்களுக்கான இடுப்புத்தளப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். தனியாகப் போக வெட்கம். நிபியா துணைக்கு வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி, முர்காவுக்கு உடை தைக்கிறவள். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், இரட்டைப் பிள்ளை பெற்று இன்னும் நிமிர முடியாத ஒருத்தி, கர்ப்பப்பை எடுத்த ஒஃபேலியா அம்மாள் என்று எல்லா வயதும் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அனாயி சின்னப் பெண்தான், ஆனால் எதையும் கூசாமல் பேசுவாள். மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து மேலே தூக்கு, மூச்சை மட்டும் பிடிக்காதே, இப்போது முழுசாகத் தளர்த்து. தும்மல் வருகிறது என்று தெரிந்தால் முந்திக்கொண்டு இறுக்கு. தளர்த்தத் தெரியாதவளுக்கு இறுக்கவும் தெரியாது என்பாள். பாயில் பேசியது பாயோடு போகவேண்டும் என்பது அவள் போட்ட ஒரே சட்டம்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் சுல்மா பிளாஸ்க் கதையை அங்கே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நிபியாதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். இருமல் நின்றது, தும்மல் நின்றது. மிச்சம் இருந்தது சிரிப்பு ஒன்றுதான், அதற்குப் பரீட்சை வைக்க வால்ட்டரின் பாட்டைவிட நல்ல இடம் ஏது? இன்றைக்குப் பாவாடை காய்ந்தபடியே வீடு திரும்பினால், தலைவலிப் பொய் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிடுவது என்று வைத்திருந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு மைதானம் நிரம்பிவிட்டது. நிபியா பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடையைப் பார்த்துக் கண்ணடித்தாள். முதல் பாட்டு பஸ் கட்டணத்தைப் பற்றி. சுல்மா வாய்விட்டுச் சிரித்தாள். சொட்டவில்லை. இரண்டாவதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதும் இல்லை. இத்தனை காலம் எங்கேயோ அடகில் இருந்த சிரிப்பு திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்றாவது பாட்டுக்கு வால்ட்டரே ஒரு பெரிய அட்டை பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"பிளாஸ்க்கைக் குத்தம் சொல்லாதீங்க,
மூடி என்னவோ இறுக்கந்தான்;
வீட்டுக்காரி சிரிச்சாப் போதும்
வீதி வரைக்கும் வெள்ளந்தான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இறைச்சிக்காரன் திரும்பிப் பார்த்தான், அவன் மனைவி பார்த்தாள், பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. முகத்தைப் பார்த்த கண்கள் எல்லாம் அப்படியே மடிக்கு இறங்கின.

சுல்மா நிபியாவைப் பார்த்தாள். நிபியா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு நிறுத்தினாள். வால்ட்டரின் மேடைக் கோட்டுக்கு அளவெடுக்கும்போது பேச்சுவாக்கில் வந்துவிட்டது, அவன் இதைப் பாட்டாக்குவான் என்று யார் கண்டது என்று முணுமுணுத்தாள்.

"பேரைக்கூடச் சொல்லலியேடி," என்றாள் கடைசியாக.

சுல்மா அவள் பக்கத்திலிருந்து தன் கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

விடைபெறும் பாட்டுக்கு முர்கா மேடையைவிட்டு இறங்கி, பாடிக்கொண்டே சனங்களுக்கு நடுவில் நடந்துபோவது வழக்கம். வால்ட்டர் நேராக அவளிடம் வந்து கையை நீட்டினான். சாயத்துக்குள் அவன் கண்கள் பளபளத்தன. பரிசு கொடுத்த பிள்ளையின் முகம்.

அவள் எழுந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தே முதுகைக் காட்டி ஒரு சுற்று திரும்பி நின்றாள்.

"காஞ்சிருக்கு. நல்லாப் பாத்துக்கோ," என்றாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வசந்தத்துலேயே. கோட்டு தைச்சப்ப." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "பாட்டுல வர்றது மரியாதை, கிழவி. இந்தப் பேட்டையில எத்தனை பேர் அதுக்கு ஏங்குறாங்க தெரியுமா?"

அது பொய்யில்லை. இறைச்சிக்காரன் தன்னைப் பற்றிய வரியைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான்.

"அத்தனை நாளும் என் பக்கத்துலதான் படுத்திருந்தே. ஒரு வார்த்தை கேட்டியா? எனக்கு வெந்த தொடை, வால்ட்டர். உனக்கு அது பாட்டுக்கு ஆச்சு."

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்கள் பாடியபடி அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி, "நீ சிரிப்பேன்னு நினைச்சேன்," என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான், பாவி.

அவள் எதிர்த்திசையில் நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அழுகை வந்தது. தேம்பித் தேம்பி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடிவயிறு குலுங்கியது. இருமலுக்கும் தும்மலுக்கும் சிரிப்புக்கும் அனாயி சொல்லிக் கொடுத்திருந்தாள். அழுகையைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பழகிய உடம்பு தானாக முந்திக்கொண்டு இறுக்கியது. குனிந்து பார்த்தாள். பாவாடையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்ல அவளுக்கு எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையும் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.