வெள்ளிக்கிழமையில் விழுந்த பெயர்நாள்

ஹலினாவுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். கணவன் யூரெக் லாரி ஓட்டுகிறவன். வியாழன் இரவு வந்து, சனிக்கிழமை விடிவதற்குள் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பெரும்பாலும் குறட்டையோடுதான் பார்த்திருக்கிறாள்.

அதனால், ரடோம் நகரில் அவள் வேலை பார்க்கும் ஜன்னல் கம்பெனியின் முதலாளி ரெனாட்டா, "வாரத்துக்கு நாலு நாள் வந்தா போதும், வெள்ளிக்கிழமை லீவு, சம்பளம் குறையாது. மூணு மாசம் பாப்போம். வேலை தேங்குச்சுன்னா பழையபடி அஞ்சு நாள்தான்" என்றதும், ஹலினா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் வெட்டு பெயர்நாள் கேக்குக்கு விழுந்தது. அந்த ஆபீசில் யாருக்காவது பெயர்நாள், அதாவது அவருடைய பெயர் கொண்ட புனிதரின் திருநாள், வந்தால் கேக், காபி, வாழ்த்து, ஊர்க்கதை என்று அரை நாள் போயே போய்விடும். ஒரே வாரத்தில் இரண்டு வந்துவிட்டால் ஜன்னல்களைக் கடவுள்தான் அனுப்பிவைக்க வேண்டும்.

முறைத்துக்கொண்டவர் கணக்குப் பிரிவு ஸெனோன் ஒருவர்தான். தனிக்கட்டை.

"வீட்ல சுவரைக் கூப்பிட்டா கேக் வெட்டறது?" என்றார்.

அவருடைய பெயர்நாள் அந்த மூன்று மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. "லீவு நாள்தானே, யாருக்கும் நஷ்டமில்ல. ஆபீஸுக்கே வந்துடுங்க" என்று எல்லோரையும் அழைத்தார். ஹலினா மனதுக்குள் திட்டிக்கொண்டே யூரெக்கையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சீஸ் கேக்கில் கத்தி வைக்கிற நேரம் பார்த்து, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க ரெனாட்டா வந்தார். எல்லா மேஜையிலும் ஆள்.

"ஓகோ. நாலு நாள் பத்தலையா? ஒளிஞ்சு ஒளிஞ்சு வெள்ளிக்கிழமையும் வேலை பாக்கறீங்களா?"

ஸெனோன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு ஐந்து நாளும் ஆள் துணை திரும்பிவிடும். அவர் யூரெக்கைப் பார்த்தார். பட்டப்பகலில் முழு விழிப்போடு, அவன் மனைவியின் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"வேலையெல்லாம் நேத்தே முடிஞ்சாச்சு மேடம். ஒரு ஆர்டர்கூட நிக்கல. இவங்க என் விருந்தாளிங்க" என்றார் ஸெனோன்.

ரெனாட்டா சுற்றிலும் பார்த்தார். ஒரு கம்ப்யூட்டர்கூட ஓடவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை லீவாவே இருக்கட்டும். எனக்கு நடுத் துண்டா குடுங்க."

ஹலினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏண்ணே விட்டுக்குடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான் தனியா கிடக்கேன். நீயுமா கிடக்கணும்?"

அது யூரெக் காதிலும் விழுந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல சாப்பாடு, அண்ணே" என்றான்.

ஹலினா அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு ஸெனோன் பக்கம் திரும்பினாள்.

"மதியத்துக்கு மேல வாங்கண்ணே. காலையில வந்துடாதீங்க."